டிபி வந்தவரின் ரத்த ரிப்போர்ட்டும் சாப்பாட்டுத் தட்டும்: கம்பத்து லேபிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் லேபுக்கு ஏலத்தோட்டத்து ஆட்கள் வருவது சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான். விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலைப்பாதையில் அணக்கரை, வண்டன்மேடு என்று போய், நாள் முழுக்கக் காய் பறித்துவிட்டு இறங்குகிறவர்கள். விரலில் ஏலக்காய்க் கறை போயிருக்காது. அவர்களில் இரண்டு மாதமாக இருமி இளைத்துப்போன யாராவது ஒருவர் கையை நீட்டிக்கொண்டே கேட்பார்: "அண்ணே, ரத்தத்துல டிபி இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

பதினாறு வருடமாக ஒரே பதில்தான். ரத்தம் அதைச் சொல்லாது. நோய் உடம்பை எவ்வளவு தின்றிருக்கிறது, மருந்தைக் கல்லீரல் தாங்குமா, சர்க்கரை ஒளிந்திருக்கிறதா என்பதையெல்லாம் சொல்லும். அதற்கு மேல் தெரிய வேண்டியதை லேப் மூலையில் கிடக்கும் எடை மெஷின் சொல்லிவிடும், காசு வாங்காமல்.

நான் ரத்தம் எடுக்கிறவன், மருத்துவர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபிறகு அதை எப்படிப் படிப்பது, அடுப்படியில் என்ன செய்வது என்பதுதான் இங்கே.

படி 1: முதலில் சளியைக் கொடுங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்ச் சளி கொடுங்கள். ட்ரூநாட், சிபிநாட் மெஷின்களில் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்கு அது அடங்குமா என்பதும் தெரிந்துவிடும். பரிசோதனைக்குக் காசு இல்லை. எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு 'ஒண்ணுமில்லையாம்' என்று திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுப்பதுதான் சளி.

'ரத்தத்தில் டிபி பார்க்கும் டெஸ்ட்' என்று எதிரணு அளவை அளந்து சொன்ன கிட்டுகளை இந்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. அதற்கு முந்திய வருடம் உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்று சொல்லியிருந்தது. இக்ரா என்றொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது கிருமி உடம்புக்குள் எப்போதாவது புகுந்திருக்கிறதா என்று காட்டும், இப்போது நோய் இருக்கிறதா என்று காட்டாது. யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், சளி ரிசல்ட் எங்கே என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 2: மாத்திரை தொடங்கும் நாளில் உடம்பை அளந்து எழுதி வையுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் தாளே போதும். முதல் பக்கத்தில் தேதி, எடை, உயரம். செருப்பு, சால்வை, பையில் கிடக்கும் செல்போன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். அடுத்த மாதமும் அதே மெஷினில், ஏறக்குறைய அதே நேரத்தில். மெஷின் மாறினால் ஒரு கிலோ வித்தியாசம் சாதாரணமாக வரும், அதை வைத்து ஏமாறவும் கூடாது, கலங்கவும் கூடாது.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண், செல்போனிலேயே கணக்குப் போடலாம். எடையை உயரத்தால், மீட்டரில், இரண்டு தடவை வகுங்கள். 165 செ.மீ. உயரம், 44 கிலோ எடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 44 வகுத்தல் 1.65, மறுபடி வகுத்தல் 1.65. வருவது 16.2. 18.5-க்குக் கீழே இருந்தால் சத்துக்குறைவு. 16-க்குக் கீழே போனால் கடுமையான சத்துக்குறைவு. இவர் அந்த விளிம்பில் நிற்கிறார். இந்த ஆளையே கடைசிவரை கூட்டிப் போகப் போகிறேன்.

அடுத்து கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலை அழுத்தி எடுங்கள். குழி விழுந்தால் நீர் கோத்திருக்கிறது என்று எழுதுங்கள். நீர் கோத்தால் எடை பொய் சொல்லும். நிஜ உடம்பு அதைவிட மெலிவு.

2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இதே எளிய அளவுகளை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கிறது. பிஎம்ஐ 14 அல்லது அதற்கும் கீழே. 16 வரை இருந்தாலும் காலில் வீக்கம். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பார்ப்போம் என்று உட்காரக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் என்றால் க.விலக்கு மருத்துவக் கல்லூரி. மதுரைக்குப் போக வேண்டி வந்தால் ஆஸ்டின்பட்டி பக்கம் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனை.

இவ்வளவு மெலிந்தவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நாள்கணக்கில் சரியாகச் சாப்பிடாத உடம்பில் திடீரென்று நிறையச் சோறும் சர்க்கரையும் இறக்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். 'எம்புள்ளைக்கு அரை வயித்துக்குத்தான் குடுக்குறாங்க' என்று வார்டில் சண்டை போடாதீர்கள்.

படி 3: ரிப்போர்ட்டை வரி வரியாகப் படிப்பது

எச்பி (ஹீமோகுளோபின்). ஆணுக்கு 13-க்குக் கீழும் பெண்ணுக்கு 12-க்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை. டிபிக்காரர்களில் மிகப் பலருக்கு இது குறைவாகத்தான் வரும். பார்த்தவுடன் வீட்டில் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் இரும்பு டானிக்கும் அணிவகுக்கும். கீரை நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் இந்த ரத்தசோகையின் பெரும்பங்கு இரும்பு இல்லாததால் வருவதில்லை, இருக்கும் இரும்பு பூட்டி வைக்கப்படுவதால் வருகிறது. டிபி கிருமி வளர இரும்பு வேண்டும். நோய் வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி, இரும்பைச் செல்களுக்குள் அடைத்து, குடலிலிருந்து புதிதாக ஏறுவதையும் மட்டுப்படுத்துகிறது. திருடன் வந்திருக்கிறான் என்று அரிசிப் பானையைப் பரண்மேல் ஏற்றிவிடுவது மாதிரி. வீட்டு ஆட்களுக்கும் அன்றைக்குச் சோறு குறையும்.

அதனால்தான் டிபி மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் டானிக் இல்லாமலே பலருக்கு எச்பி ஏறுகிறது. நிஜமாகவே இரும்பும் குறைந்தவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக மாதவிடாய் அதிகம் போகும் பெண்கள், கர்ப்பிணிகள். அவர்களுக்கு எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். எச்பி 8-க்குக் கீழே என்றால் கடுமை, தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

ஃபெரிட்டின். இரும்புக் கையிருப்பு என்று இதைப் பார்ப்பார்கள். ஆனால் உடம்பில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். ஆகவே நார்மல் என்று வந்தால் இரும்பு போதும் என்று அர்த்தமில்லை, அதிகம் என்று வந்தால் இரும்பு வழிகிறது என்றும் அர்த்தமில்லை. டிபி தொடக்கத்தில் இதற்காகத் தனியாகக் காசு செலவழிக்கச் சொன்னால், கொஞ்சம் பொறுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இஎஸ்ஆர், சிஆர்பி. இரண்டும் புகை. எங்கோ நெருப்பு இருக்கிறது என்று காட்டும், என்ன எரிகிறது என்று காட்டாது. சிஆர்பி சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். இஎஸ்ஆர் மாட்டுவண்டி, ரத்தசோகை இருந்தாலே கூட ஏறி நிற்கும். நோட்டில் எழுதி வையுங்கள், முதல் எண்ணோடு பின்னால் வருவதை ஒப்பிடலாம். இந்த எண்களை வைத்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். என் சித்தப்பா அதைத்தான் செய்தார். மூன்று மாதத்தில் இஎஸ்ஆர் 96-லிருந்து 20-க்கு வந்தது, நாலு கிலோ ஏறியது, 'ரத்தம் சுத்தமாயிருச்சு' என்று மாத்திரையை விட்டார். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்களும் 'நல்லாருக்கு' என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். பத்து மாதத்தில் நோய் திரும்பியது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அல்புமின். ரத்தத்தில் உள்ள ஒரு புரதம். எல்எஃப்டி (கல்லீரல் பரிசோதனை) ரிப்போர்ட்டிலேயே இருக்கும், பலர் பார்ப்பதில்லை. 3.5-லிருந்து 5 வரை சரி. குறைந்திருந்தால் 'புரோட்டீன் கம்மி' என்று சொல்லி டப்பாப் பவுடர் வாங்கச் சொல்வார்கள். பாதி உண்மை. அழற்சி நேரத்தில் கல்லீரல் அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொண்டு சிஆர்பி போன்றவற்றைச் செய்யப் போய்விடுகிறது. தட்டில் எவ்வளவு முட்டை வைத்தாலும் நோய் அடங்காமல் இது ஏறாது. செய்த அல்புமினில் பாதி கழிய ஏறத்தாழ 20 நாள் ஆகும் என்பதால், வாராவாரம் பார்ப்பதும் வீண். ஆனால் குறைவான அல்புமினை அலட்சியப்படுத்தவும் கூடாது. மிகக் குறைந்தவர்கள் மோசமாகும் வாய்ப்பு அதிகம். கால் வீக்கத்தோடு சேர்ந்து இருந்தால் படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.

பிளேட்லெட் கூடியிருக்கும், நிணவெள்ளணு குறைந்திருக்கும், சோடியம் கொஞ்சம் இறங்கியிருக்கும். டிபியில் இதெல்லாம் அடிக்கடி காண்பதுதான். சோடியம் ரொம்ப இறங்கி ஆள் குழம்பிப் பேசினால் மட்டும் அவசரம்.

சர்க்கரை. இதை ஒருவரும் தவறவிடக் கூடாது. டிபி என்றதும் சர்க்கரையும் எச்.ஐ.வி-யும் எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. இதிலும் இரண்டு சிக்கல் உண்டு. நோயின் தாக்குதலால் மட்டும் சர்க்கரை தற்காலிகமாக ஏறலாம், ஆகவே மறுபடி பார்க்க வேண்டும். கடுமையான ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி எண்ணும் நம்பும்படி இராது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கலாம். புதிதாக ஏறினால் 'சோத்தக் கொறைங்க' என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்காமல் மருத்துவரைக் கேளுங்கள். 44 கிலோ ஆளுக்குச் சோற்றைப் பாதியாக்கினால் என்ன மிஞ்சும்?

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிருபின். கல்லீரல் எப்படி இருக்கிறது என்று காட்டுபவை. மாத்திரை தொடங்குமுன் ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அவசியம். மாத்திரை போட்டபின் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால். ஜீப் வழியில் நிறுத்தும்போது பார்த்துப் பயந்து, மஞ்சக்காமாலை என்று கீழாநெல்லி அரைக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் மாத்திரையின் நிறம்தான். மஞ்சளாக இருந்தாலோ, வாந்தியும் வயிற்று வலியும் பசியின்மையும் சேர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வைட்டமின் டி. டிபிக்காரர்களுக்குக் குறைவாக வருவது வழக்கம். மாத்திரை கொடுத்துச் சோதித்த ஆய்வுகளில் டிபி அதனால் வேகமாகக் குணமானதாக உறுதிப்படவில்லை. எலும்புக்காக மருத்துவர் கொடுத்தால் சாப்பிடுங்கள், டிபிக்கு மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள்.

படி 4: எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போடுவது

இப்போது இருக்கும் எடைக்குச் சாப்பாடு போடக் கூடாது, இருக்க வேண்டிய எடைக்குப் போட வேண்டும். பிஎம்ஐ 21-ஐக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆளுக்கு 1.65 பெருக்கல் 1.65 பெருக்கல் 21, சுமார் 57 கிலோ. கிலோவுக்கு 40 கலோரி வீதம் ஒரு நாளைக்கு 2,280 கலோரி. புரதம் கிலோவுக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் வரை, அதாவது 68-லிருந்து 86 கிராம். மலைச்சரிவில் நின்று வேலை பார்க்கிறவருக்கு அதற்கு மேலும் வேண்டும். அதனால்தான் முதல் இரண்டு மாதமாவது தோட்ட வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தால் நல்லது என்று சொல்கிறார்கள். முடிகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

உணவா மருந்தா என்ற பழைய சண்டைக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், டிபிக்காரர்களில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் (டிபிக்காரர்களைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரி) சேர்த்து நல்ல சாப்பாடு போட்டும், பாதிப் பேரை அவர்கள் குடிசையிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகம் ஏறியது. குணமானது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். சாப்பாடு மட்டும் டிபியைக் குணமாக்காது என்பதும், வறுமையில் இருப்பவரும் மாத்திரையை விடாமல் போட்டால் பிழைப்பார் என்பதும் அன்றிலிருந்து தெரியும்.

அப்படியானால் சாப்பாடு எதற்கு? அதற்கான பதில் 2023-ல் ஜார்க்கண்டிலிருந்து வந்தது. ரேஷன்ஸ் என்ற ஆய்வில் 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுக்கூடை கொடுத்தார்கள்: 5 கிலோ அரிசி, 3 கிலோ வறுகடலை மாவு, ஒன்றரைக் கிலோ பால் பவுடர், அரை லிட்டர் எண்ணெய், கூடவே வைட்டமின் மாத்திரை. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. நம் ஆளுக்கு 5 சதவீதம் என்றால் 2.2 கிலோ. 46.2 என்று நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வட்டம் போட்டுவிடுங்கள். இரண்டாம் மாத முடிவில் அந்த எண் வந்ததா என்பதுதான் எந்த ரத்த ரிப்போர்ட்டையும் விட நான் முதலில் கேட்கும் கேள்வி.

படி 5: கம்பத்து அடுப்படியில் அந்த எண்ணைச் சோறாக மாற்றுவது

ஆட்டுக்கால் சூப், நண்டுச் சாறு, ஈரல் என்று கடன் வாங்கிச் செலவழிப்பவர்களைப் பார்க்கிறேன். சூப்பில் ருசி இருக்கிறது, புரதம் அதிகமில்லை. கறியைத் தின்றால்தான் புரதம். விலையுயர்ந்த பவுடர் டப்பாவில் இருப்பது பொட்டுக்கடலையிலும் இருக்கிறது. நூறு கிராம் பொட்டுக்கடலையிலோ துவரம்பருப்பிலோ சுமார் 22 கிராம் புரதம். நிலக்கடலையில் 25 கிராமோடு ஐந்நூறு கலோரிக்கு மேல். சோயா உருண்டையில் 50 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ரேஷனில் அரிசி இலவசம், பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதற்கு மேல் முட்டை, பால், கடலைக்குத்தான் காசு வேண்டும்.

ஜீப்பில் போகிறவருக்கு ஒரு நாள் இப்படி இருக்கலாம்.

நாலரைக்கு எழுந்து வெறும் வயிற்றில் மாத்திரை. ஐந்தரைக்குக் கேழ்வரகு மாவு 60 கிராம், ஒரு டம்ளர் பால், வெல்லம் போட்டுக் கூழ். இதில் 400 கலோரி, 10 கிராம் புரதம். தோட்டத்தில் ஒன்பது மணிக்குத் தூக்குவாளியைத் திறந்தால் நூறு கிராம் அரிசிச் சோறு, கரண்டி நிற்கும் கெட்டிப் பருப்பு, ஒரு அவித்த முட்டை. 600 கலோரி, 23 கிராம். பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலை, நாற்பது கிராம் அளவு, ஒரு வாழைப்பழம். 320 கலோரி, 11 கிராம். மதியம் மறுபடி சோறு, தட்டைப்பயறோ கொள்ளோ போட்ட குழம்பு, எண்ணெய் இரண்டு தேக்கரண்டி கூட ஊற்றிய கீரைப் பொரியல். 540 கலோரி, 15 கிராம். இறங்கி வந்ததும் கொண்டைக்கடலைச் சுண்டல், 100 கலோரி, 6 கிராம். இரவு தோசையோ சோறோ, முட்டை ஒன்று. 400 கலோரி, 12 கிராம். கூட்டினால் 2,360 கலோரி, 77 கிராம் புரதம். கறி இல்லை, பவுடர் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மீனோ கோழியோ வந்தால் சந்தோஷம்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் பசியே இருக்காது. இவ்வளவையும் தட்டில் குவித்தால் பார்த்ததுமே குமட்டும். அளவைச் சிறிதாக்கித் தடவைகளைக் கூட்டுங்கள். சோற்றில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் வயிறு நிறையாமலே கலோரி ஏறும். பொட்டுக்கடலை மாவைக் கூழிலும் குழம்பிலும் தூவிவிடலாம்.

மேலே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) தங்கியிருப்பவர்களுக்குக் கப்பைதான் மலிவு. மரவள்ளிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், புரதம் அதில் அநேகமாக இல்லை. மலையாளிகள் அதோடு மீன்கறி வைத்துக்கொள்வது ருசிக்கு மட்டுமில்லை. மீன் கிடைக்காத நாளில் பயறு வேகவையுங்கள். வெறும் கப்பையும் கட்டஞ்சாயாவுமாக (பால் இல்லாத டீ) நாளை ஓட்டினால் எடை ஏறாது. அந்தச் சாயாவையும் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். தேயிலை இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

படி 6: மாத்திரையும் சாப்பாடும் மோதாமல்

ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில்தான் நன்றாக ஏறும்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது இரண்டு மணி நேரம் பின். வயிறு தாங்கவில்லை என்றால் மாத்திரையை விடுவதைவிட லேசாக ஏதாவது சாப்பிட்டுப் போடுவது மேல். நர்ஸிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி மருந்து குடித்தால் மாத்திரையோடு சேர்க்காதீர்கள், நேரம் தள்ளிக் குடியுங்கள். மருந்துக்கு அடங்காத டிபிக்கு லீவோஃப்ளாக்சசின் சாப்பிடுகிறவர்கள் இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் அப்படியே தள்ளி வைக்க வேண்டும்.

கேரள எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டிபி மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட் சாப்பிடும்போது சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்கள் சரியாக ஐஸில் வைக்கப்படாமல் இருந்தால், அதில் சேரும் ஹிஸ்டமினை உடம்பால் கழிக்க முடியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மீனே கூடாது என்பதில்லை. கடலிலிருந்து மலைக்கு ஏறி வருவதற்குள் எத்தனை மணி நேரமாகிறது என்று நினைத்துப் பார்த்து, செவுள் சிவப்பாக இருப்பதை மட்டும் வாங்குங்கள். சூரையைச் சிகிச்சை முடியும்வரை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அணை மீன் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஐசோனியசிட் வைட்டமின் பி6-ஐயும் குறைக்கும். கால் பாதம் எரிவது, மரத்துப்போவது அதனால்தான். அதற்காகக் கொடுக்கும் சின்ன மாத்திரையைச் 'சத்து மாத்திரைதானே' என்று வீசாதீர்கள். மூட்டு வலி வந்தால் பைராசினமைட் யூரிக் அமிலத்தைக் கூட்டியிருக்கலாம், சொல்லுங்கள். கண் மங்கினாலோ நிறம் பிரித்தறியத் தடுமாறினாலோ உடனே சொல்லுங்கள், அது எத்தாம்புடால் வேலையாக இருக்கலாம். சாராயம் கூடவே கூடாது.

படி 7: மாதாமாதம்

மாதம் ஒரு தடவை எடை. இரண்டாம் மாத முடிவிலும் கடைசியிலும் சளி. எச்பி குறைவாக இருந்தவர்களுக்கு இரண்டாம் மாதத்தில் ஒன்று. எல்எஃப்டி தொந்தரவு இருந்தால் மட்டும், அல்லது மருத்துவர் சொன்னால். மாதாமாதம் முழு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி வருகிறவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் காசுக்கு இரண்டு தட்டு முட்டை வரும்.

எடை ஏறினால் மாத்திரை எண்ணிக்கையும் மாறலாம். 35-லிருந்து 49 கிலோ வரை நாளுக்கு மூன்று, 50-லிருந்து 64 வரை நாலு. நம் ஆள் 44-ல் தொடங்கி 50-ஐத் தொட்டால் ஆறு கிலோ ஏறி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார், நாலு மாத்திரை வேண்டும். இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான், ஏனென்றால் நோட்டு உங்களிடம் இருக்கிறது.

இரண்டு மாதமாகியும் எடை ஏறவில்லை, இறங்குகிறது என்றால் காரணம் தேட வேண்டும். மாத்திரை தவறுகிறதா, மருந்துக்கு அடங்காத கிருமியா, சர்க்கரையா, குடியா, அல்லது வீட்டில் சோறே இல்லையா. கடைசிக் காரணத்தைக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை.

படி 8: உதவியும் எல்லையும்

அரசின் டிபி பதிவில் பெயரைப் பதிந்ததும் நிக்‌ஷய் எண் ஒன்று கொடுப்பார்கள். அதை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். இந்தியா முழுக்க அதே எண்தான். கம்பத்தில் மாத்திரை தொடங்கி, சீசனுக்கு நெடுங்கண்டம் போய் லயத்தில் தங்க வேண்டியிருந்தால், போகுமுன் இங்கே சொல்லி அங்குள்ள குடும்பாரோக்கிய கேந்திரத்துக்கு (கேரளத்து ஆரம்ப சுகாதார நிலையம்) மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் போய், வெட்கப்பட்டு, மாத்திரை தீர்ந்து, விட்டுவிடுவதுதான் இந்த மலையில் அதிகம் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் 1800 11 6666 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடலாம்.

சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்த நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். சிகிச்சை தொடங்கும்போது 3,000, 84 நாள் மருந்து முடிந்ததும் 3,000 என்று வங்கிக் கணக்கில் விழும். கணக்கு ஆதாரோடு இணையாமல் இருப்பதுதான் வழக்கமான தடங்கல். முதல் வாரமே சரிபார்த்துவிடுங்கள். பிஎம்ஐ 18.5-க்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் இரண்டு மாதம் கூடுதல் சத்துணவும் உண்டு. நிக்‌ஷய் மித்ரா (டிபிக்காரர்களுக்கு உதவ முன்வரும் தனிநபர்கள், நிறுவனங்கள்) மூலம் உணவுக்கூடையும் கிடைக்கலாம். கேட்டால்தான் வரும், கூச்சப்படாதீர்கள்.

படி 9: அதே வீட்டில் சாப்பிடுகிறவர்கள்

உணவுக்கூடை வருகிற வீட்டில் அம்மா அதைத் தொடமாட்டார், எல்லாம் மகனுக்கு என்பார். ஜார்க்கண்ட் ஆய்வின் இன்னொரு பாதி இதைப் பற்றியதுதான். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றுகிற வகை 48 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி இல்லை, புது மருந்தும் இல்லை, அரிசியும் பருப்பும்தான்.

ஆகவே நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கி வீட்டில் எல்லோருடைய எடையையும் எழுதுங்கள். யாருக்காவது இருமலோ இளைப்போ இருந்தால் சளி. நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை இருக்கிறது. சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டியதில்லை, டிபி காற்றில்தான் பரவும். லயத்து அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளிரானாலும்.

ஆறு மாதம் முடிந்து மாத்திரை நின்றபின்னும் நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். அந்த நாட்களிலும் முதலில் மெஷினில் ஏறி நின்று எண்ணை எழுதுங்கள். ஏறிய எடை காரணமில்லாமல் இரண்டு கிலோ இறங்கியிருந்தால், இருமல் வரும்வரை காத்திருக்காமல் சளி டப்பாவை வாங்குங்கள்.